ஆர்மீனியா கையெழுத்துப் போட்டதும் போடாததும்

2013 செப்டம்பர் 3 அன்று ஆர்மீனிய அதிபர் செர்ஜ் சர்க்சியான் மாஸ்கோ போயிருந்தார். புதினுடன் பேசி முடித்ததும், ரஷ்யா தலைமையிலான சுங்க ஒன்றியத்தில் தன் நாடு சேரப்போகிறது என்று அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் அதிர்ந்துபோனது. காரணம் இல்லாமல் இல்லை. ஆறு வாரத்துக்கு முன்னால், ஜூலை 24ஆம் தேதிதான், ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஆர்மீனியாவுக்கும் இடையே மூன்று வருடமாக நடந்துவந்த இணைவு ஒப்பந்தப் பேச்சு முடிந்திருந்தது. நவம்பரில் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் நடக்கவிருந்த மாநாட்டில் முன்கையொப்பம், அதாவது வரைவு முடிந்தது என்று காட்டும் முதல் கையெழுத்து, போடுவது ஒன்றுதான் பாக்கி. மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்த பிறகு மாப்பிள்ளை வேறு வீட்டில் தாம்பூலம் மாற்றிக்கொண்ட கதைதான்.

ஆனால் உறவு அதோடு அறுந்துவிடவில்லை. நான்கு வருடம் கழித்து, 2017 நவம்பர் 24 அன்று, அதே சர்க்சியானின் அரசு பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் வேறொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ரஷ்யப் பக்க ஒன்றியத்திலிருந்து வெளியே வராமலேயே போட்டது. ஆக, ஐரோப்பாவோடு ஆழமாக இணைவது, ரஷ்யப் பக்கம் மட்டும் இருப்பது, ரஷ்யப் பக்கம் இருந்துகொண்டே ஐரோப்பாவுடன் முடிந்த அளவு ஒப்பந்தம் செய்வது என்று மூன்று வழிகள் இருந்தன. இந்த மூன்றில் எது தேறும்? ஒரு பெரிய கூட்டமைப்பு ஒரு சிறிய நாட்டின் முன்னால் தடிமனான ஒப்பந்தத்தை வைக்கும்போது எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு ஆர்மீனியாவைப் போல நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் நாட்டின் நிலைமை. மக்கள்தொகை சுமார் 30 லட்சம். சென்னை மாநகராட்சியின் ஜனத்தொகையில் பாதிகூடத் தேறாது. நான்கு பக்கமும் நிலம், கடல் கிடையாது. மேற்கே துருக்கி எல்லை 1993 முதல் மூடிக் கிடக்கிறது. கிழக்கே அஜர்பைஜான் எல்லை, இரு நாடுகளும் உரிமை கோரிய கராபாக் பகுதிக்கான சண்டையால் மூடல். திறந்திருப்பவை வடக்கே ஜார்ஜியாவும் தெற்கே ஈரானும் மட்டுமே. எரிவாயு பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வருகிறது. ரயில்பாதையை 2008 முதல் ரஷ்ய ரயில்வே குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. கியூம்ரி நகரில் ரஷ்யப் படைத்தளம், அதன் காலத்தை 2010இல் 2044 வரை நீட்டித்தார்கள். இது போக, ரஷ்யாவில் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஆர்மீனியர்கள் ஏராளம்.

(நமக்கு ஆர்மீனியர்கள் அவ்வளவு அந்நியர்களும் இல்லை. சென்னை பாரிமுனைப் பக்கம் ஆர்மீனியன் தெருவை அரண்மனைக்காரன் தெருவாக்கி வைத்திருக்கிறோம். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது மதராசில்தான். நாடில்லாமல் ஊர் ஊராகப் போய் வணிகம் செய்த ஜனம் அது. நாடு கிடைத்த பிறகு எல்லைகள் மூடிக்கொண்டன.)

எந்த ஒப்பந்தத்தையும் அதன் முன்னுரையில் இருக்கும் நல்ல வார்த்தைகளை வைத்து மதிப்பிட முடியாது. அதனால் ஒரு பாட்டில் ஆப்ரிகாட் ஜாமைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஆர்மீனியாவுக்கு ஆப்ரிகாட் என்பது நமக்கு மாம்பழம் மாதிரி. அரராத் சமவெளியில் செய்த ஒரு ஜாம் பாட்டிலுக்கு ஒவ்வொரு வழியிலும் என்ன நடக்கும்?

முதல் வழி: முழு இணைவு

இணைவு ஒப்பந்தத்துக்குள்ளேயே ‘ஆழமான, விரிவான தடையற்ற வர்த்தகப் பகுதி’ என்று ஒரு பெரிய பாகம் உண்டு. அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் நம் ஜாம் பாட்டில் பெரும்பாலும் சுங்கவரி இல்லாமல் ஐரோப்பாவுக்குள் போயிருக்கும். ஆனால் வரி போனால் மட்டும் போதாது. பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம், ஆய்வகம் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும், லேபிளில் என்ன எழுத வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டங்களை ஒவ்வொன்றாக உள்ளூர்ச் சட்டமாக்க வேண்டும். ‘ஆழமான’ என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம். முதல் சில வருடம் செலவு சிறிய தொழிற்சாலைக்காரர் தலையில் விழும், லாபம் பின்னால்தான் வரும்.

அண்டை வீடுகளைப் பார்த்தால் விலை இன்னும் தெளிவாகத் தெரியும். ஜார்ஜியாவும் மால்டோவாவும் 2014 ஜூன் 27 அன்று கையெழுத்திட்டன. 2016 ஜூலை 1 முதல் அவை முழுமையாக நடைமுறைக்கு வந்தன. மால்டோவா மக்கள் 2014 ஏப்ரல் முதலும், ஜார்ஜியா மக்கள் 2017 மார்ச் முதலும் விசா இல்லாமல் ஐரோப்பா போய்வரலானார்கள். மால்டோவாவின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இன்று ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. ஆனால் வில்னியஸ் மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, 2013 செப்டம்பரில், மால்டோவா ஒயினுக்கு ரஷ்யா தடை போட்டது. உக்ரைன் பட்டது உலகத்துக்கே தெரியும். 2013 நவம்பர் 21 அன்று அதன் அதிபர் யானுகோவிச்சின் அரசு கையெழுத்தை நிறுத்திவைக்க, கீவ் சதுக்கத்தில் மக்கள் திரண்டார்கள். அப்புறம் கிரிமியாவை ரஷ்யா பறித்தது, கிழக்கே தோன்பாஸில் போர் மூண்டது. 2016 ஜனவரி 1 அன்று உக்ரைனின் வர்த்தகப் பாகம் தற்காலிகமாக நடைமுறைக்கு வந்த அதே நாளில், உக்ரைனுடன் இருந்த தடையற்ற வர்த்தகத்தை ரஷ்யா நிறுத்தியது. போதாக்குறைக்கு அந்த ஏப்ரலில் நெதர்லாந்து வாக்காளர்கள், 32 சதவீதம் பேர் மட்டுமே வந்து வாக்களித்த ஒரு வாக்கெடுப்பில், உக்ரைன் ஒப்பந்தம் வேண்டாம் என்றார்கள். அதைச் சமாளித்து முழு நடைமுறைக்குக் கொண்டுவர 2017 செப்டம்பர் ஆகிவிட்டது.

2013இல் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு இதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. ஆனால் மோப்பம் பிடிக்க முடிந்தது. அந்த ஆண்டு ரஷ்ய எரிவாயு ஆயிரம் கன மீட்டருக்கு சுமார் 180 டாலரிலிருந்து 270 டாலருக்கு ஏறியது. மாஸ்கோ அறிவிப்புக்குப் பிறகு, டிசம்பரில், விலை 189க்கு இறங்கியது. அதோடு, எரிவாயுக் கடனுக்கு ஈடாக, விநியோக நிறுவனத்தில் ஆர்மீனிய அரசிடம் மிச்சமிருந்த 20 சதவீதப் பங்கும் ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்புரோம் கைக்குப் போனது. இதற்கு மேல் விளக்கம் தேவையா?

இரண்டாவது வழி: சுங்க ஒன்றியம் மட்டும்

ஆர்மீனியா 2014 அக்டோபர் 10 அன்று மின்ஸ்கில் கையெழுத்திட்டு, 2015 ஜனவரி 2 முதல், அந்தச் சுங்க ஒன்றியத்தின் தொடர்ச்சியான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தின் உறுப்பினரானது. ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான் ஏற்கெனவே உள்ளே. அதே ஆண்டு ஆகஸ்டில் கிர்கிஸ்தானும் வந்தது. இந்த வழியில் நம் ஜாம் பாட்டிலுக்கு மாஸ்கோ கடை வரை சுங்கவரி இல்லை. அங்கே ஆர்மீனிய ஜாமுக்குப் பெயரும் உண்டு, லேபிளைப் படிக்கத் தெரிந்த வாடிக்கையாளரும் உண்டு. ரஷ்யாவில் வேலை செய்யும் ஆர்மீனியருக்குத் தனி வேலை அனுமதி தேவையில்லை, பெரும்பாலான வேலைகளுக்குப் பட்டப்படிப்புச் சான்றிதழும் செல்லும். சாதாரணக் குடும்பத்துக்கு இது ஐரோப்பிய விசாவைவிடப் பெரிய லாபம். இதைக் குறைத்துப் பேசுபவர்கள் யெரெவான் காபிக் கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, இதன் விலை என்ன? சுங்க ஒன்றியம் என்றால் எல்லோருக்கும் ஒரே வெளிச் சுங்கவரி. ஆர்மீனியா 2003இல் உலக வர்த்தக அமைப்பில் குறைந்த வரிகளோடு சேர்ந்த நாடு. ரஷ்யாவின் வரிகள் அதைவிட அதிகம், காரணம் ரஷ்யாவிடம் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆர்மீனியாவிடம் அப்படி எதுவும் இல்லை. பல நூறு பொருட்களுக்குச் சில வருட அவகாசம் வாங்கினார்கள். கார் இறக்குமதிக்கான அவகாசம் 2019 முடிவோடு தீர்ந்தது. அந்த ஒரு வருடம் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பழைய கார்கள் ஜார்ஜியத் துறைமுகம் வழியாக வந்து குவிந்தன. ஜனவரிக்கு முன்னால் சுங்கம் முடித்துவிட வேண்டும் என்று முட்டிமோதினார்கள். தன் வரி விகிதத்தைத் தானே முடிவுசெய்ய முடியாத நாடு எப்படி இருக்கும் என்பதை அந்த வரிசையில் நின்றவர் யாரும் மறந்திருக்க மாட்டார்.

இன்னொரு விசித்திரம். இந்த ஒன்றியத்தின் வேறு எந்த உறுப்பினரோடும் ஆர்மீனியாவுக்கு நில எல்லை கிடையாது. 2012இல் அப்போதைய பிரதமர் தீக்ரான் சர்க்சியானே, பொது எல்லை இல்லாமல் சுங்க ஒன்றியத்தில் சேருவதில் அர்த்தமில்லை என்ற தொனியில் பேசியிருந்தார். ரஷ்யாவுக்கு லாரி போக வேண்டுமானால் ஜார்ஜியாவைக் கடந்து, காகசஸ் மலையில் லார்ஸ் என்ற ஒரே சோதனைச்சாவடி வழியாகத்தான் போக வேண்டும். பனிக்காலத்தில் சரிவு விழுந்தால் பாதை மூடல். கோடையில் திடீரென்று ரஷ்யப் பக்கம் ‘பரிசோதனை கூடுதல்’ என்று சொன்னால், தக்காளியும் ஆப்ரிகாட்டும் ஏற்றிய லாரிகள் மலையடிவாரத்தில் நாள் கணக்கில் நிற்கும். வரி பூஜ்யம்தான். பழம் வரிக்காகக் காத்திருந்து அழுகுவதில்லையே.

நடுவழி எப்படிப் பிறந்தது

2013 இலையுதிர் காலத்தில் ஆர்மீனியா ஒரு யோசனை சொன்னது. வர்த்தகப் பாகத்தை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தின் அரசியல் பாகத்தில் மட்டும் கையெழுத்திடலாமே? முடியாது, இரண்டும் சேர்ந்ததுதான் ஒப்பந்தம் என்றது ஐரோப்பிய ஒன்றியம். ஆனால் சில மாதம் கழித்து, 2014 மார்ச் 21 அன்று, கிரிமியா பறிபோன கையோடு, உக்ரைனுடன் அதே அரசியல் பாகத்தில் மட்டும் தனியாகக் கையெழுத்துப் போட்டது! வர்த்தகப் பாகம் ஜூனில். ஆக, ‘முடியாது’ என்பது சட்டத்தின் வாக்கு அல்ல, அன்றைய மனநிலையின் வாக்கு. ஒரு கூட்டமைப்போடு பேச உட்காரும் எந்தச் சிறு நாடும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. மேசையில் எத்தனை வழிகள் இருக்கின்றன என்பது எதிரே இருப்பவருக்கு அன்றைக்கு என்ன தேவை என்பதைப் பொறுத்தது.

2015 டிசம்பர் 7 அன்று புதுப் பேச்சு தொடங்கியது. 2017 மார்ச்சில் யெரெவானில் முன்கையொப்பம், நவம்பரில் கையெழுத்து. பெயர் ‘விரிவான, மேம்பட்ட கூட்டாண்மை ஒப்பந்தம்’. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் செப்பா. இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐக்கிய அரபு அமீரகத்துடன் இந்தியா போட்டு, 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கும் ஒப்பந்தமும் செப்பாதான். அதில் சுங்கவரி குறையும். ஆர்மீனியாவின் செப்பாவில் ஒரு பைசா சுங்கவரிகூடக் குறையாது. பெயர் ஒன்று, ஜாதகம் வேறு.

குறையவும் முடியாது. சுங்க ஒன்றிய உறுப்பினர் தனியாகப் போய் இன்னொருவருக்கு வரிச்சலுகை தரவோ பேரம் பேசவோ அனுமதி இல்லை. வியட்நாமுடன் தடையற்ற வர்த்தகம் வேண்டுமென்றால் ஐந்து நாடுகளும் சேர்ந்துதான் போட முடியும், அப்படித்தான் போட்டார்கள். அதனால் ஆர்மீனியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் பழைய வரைவைக் கையில் எடுத்துக்கொண்டு, யூரேசிய ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் வரும் பகுதிகளை விலக்கினார்கள். சேவை வணிகம், அரசுக் கொள்முதல், போட்டிச் சட்டம், அறிவுசார் சொத்து, எரிசக்தி, போக்குவரத்து, சுற்றுச்சூழல், நீதித்துறை, ஊழல் தடுப்பு எல்லாம் மிஞ்சின. 386 பிரிவுகள். சுங்கவரியைக் கழித்த பிறகும் இத்தனை இருந்தது என்பதே ஒரு பாடம்.

நம் ஜாம் பாட்டிலுக்கு என்ன ஆனது? சில வருடம் தப்பித்தது, ஆனால் செப்பாவால் அல்ல. வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா தரும் வரிச்சலுகையான, இலங்கை வாசகர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஜிஎஸ்பி பிளஸ் ஆர்மீனியாவுக்கும் இருந்தது. இலங்கை அதை 2010இல் இழந்து 2017இல் திரும்பப் பெற்றது மனித உரிமை விவகாரத்தில். ஆர்மீனியா இழந்தது வருமானம் உயர்ந்ததால். மேல்நடுத்தர வருமான நாடு என்று தொடர்ந்து வகைப்படுத்தப்பட்டதால் 2022 ஜனவரி 1 முதல் சலுகை நின்றது. அன்று முதல் நம் பாட்டில் ஐரோப்பிய எல்லையில் எந்தத் தள்ளுபடியும் இல்லாமல் முழுச் சுங்கவரி கட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தில் ஜார்ஜியா ஜாம்காரர் தெளிவாக முந்திவிட்டார். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

செப்பாவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு லேபிள் சமாச்சாரம். ஆர்மீனியர்கள் தங்கள் பிராந்தியைப் பல தலைமுறையாக ‘கோன்யாக்’ என்றே பாட்டிலில் எழுதி, பெரும்பாலும் ரஷ்யாவுக்கு விற்கிறார்கள். கோன்யாக் என்பது பிரான்சில் ஒரு ஊரின் பெயர். திருநெல்வேலி அல்வா என்று வேறு மாநிலத்தில் கிண்டி விற்பதைப் போலத்தான். புவிசார் குறியீட்டு விதிப்படி அந்தப் பெயரை விட வேண்டும் என்றது ஐரோப்பா. பேச்சில் நீண்ட நேரம் தின்ற விஷயங்களில் இதுவும் ஒன்று. கடைசியில் பல வருட அவகாசம், புதுப் பெயரைப் பிரபலமாக்க ஐரோப்பிய உதவி என்று முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், யெரெவானின் புகழ்பெற்ற பிராந்தி ஆலையை 1998இல் வாங்கியது பெர்னோ ரிக்கா என்ற பிரெஞ்சு நிறுவனம். உண்மையான கோன்யாக்கான மார்ட்டெல்லும் அவர்களுடையதுதான். ஒரே முதலாளியின் இரண்டு பாட்டில்களுக்கு நடுவே எல்லைக்கோடு போட ஒரு கண்டமே உட்கார்ந்து பேசியிருக்கிறது.

அடுத்தது ஆர்மீனியாவின் மெட்சமோர் அணுமின் நிலையம், இதில் வேடிக்கை எதுவும் இல்லை. 1988 டிசம்பர் 7 நிலநடுக்கத்துக்குப் பிறகு, பயந்துபோய், 1989இல் அதை மூடினார்கள். பின்னாலேயே போர் வந்தது, எல்லைகள் மூடின, எரிவாயு நின்றது. 90களின் முதல் பாதியில் யெரெவானில் ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேரம்தான் மின்சாரம். பூங்கா மரங்களை வெட்டி அடுப்பெரித்துக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1995இல் ஒரு உலையைத் திரும்ப இயக்கினார்கள். இன்றைக்கும் நாட்டின் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதுதான். செப்பாவில் அந்த நிலையத்தை மூடுவது பற்றிய வாசகம் இருக்கிறது. ஆனால் மாற்று மின்சாரத்தின் தேவையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு என்ற பின்சேர்க்கையும் இருக்கிறது. அந்தப் பின்சேர்க்கை இல்லாத ஒப்பந்தத்தில் எந்த ஆர்மீனிய அமைச்சராலும் கையெழுத்திட்டுவிட்டு ஊர் திரும்ப முடியாது. இருட்டில் படித்து வளர்ந்த தலைமுறைதான் இன்று வாக்களிக்கிறது.

நடைமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. இது ஐரோப்பிய ஒன்றியமும் அதன் உறுப்பு நாடுகளும் தனித்தனியாகத் தரப்புகளாக இருக்கும் ஒப்பந்தம். எல்லா உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் வர வேண்டும். ஆர்மீனிய நாடாளுமன்றம் 2018 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. அதே மாதம் தெருவில் கூட்டம் திரண்டு, அப்போது பிரதமர் பதவிக்கு மாறியிருந்த செர்ஜ் சர்க்சியான் பதவி விலகினார், மே 8 அன்று போராட்டத் தலைவர் நிகோல் பஷின்யான் பிரதமரானார். ஒப்பந்தம் ஜூன் 1 முதல் தற்காலிகமாக அமலானது. முழு அமல் 2021 மார்ச் 1. இடையில் ஒரு புரட்சி, ஒரு பெருந்தொற்று, அஜர்பைஜானுடன் 44 நாள் போர். எந்த அரசு பேசியதோ அதை விரட்டிவிட்டு வந்த அரசு அந்த ஒப்பந்தத்தை ஒரு வரி மாற்றாமல் எடுத்துக்கொண்டது. அது நல்ல ஒப்பந்தம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேறு வழிகளே இல்லையா என்றால், இருந்தன. கஜகஸ்தான் 2015 டிசம்பரில் இதே மாதிரி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. யூரேசிய உறுப்பினர் இப்படிச் செய்யலாம் என்பதற்கு அது முன்மாதிரி. அஜர்பைஜான் பெரிய ஒப்பந்தம் எதுவுமே போடாமல் 1999இல் அமலான பழைய ஒப்பந்தத்தோடு காலம் தள்ளுகிறது. ஆனாலும் 2022 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத் தலைவரே அதன் தலைநகர் பாக்கூவுக்கு வந்து, எரிவாயு இறக்குமதியை இரட்டிப்பாக்குவதாகக் கையெழுத்திட்டுப் போனார். எரிவாயு உள்ளவனுக்கு ஒப்பந்தம் தேவையில்லை, ஒப்பந்தம்தான் அவனைத் தேடி வரும். ஆர்மீனியாவுக்கு அந்த வசதி இல்லை.

எதை வைத்து அளப்பது

வழக்கமாக ஒப்பிடுபவர்கள் யார் அதிகம் தருகிறார்கள் என்று பட்டியல் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் முதல் வழி வருங்காலத்தில் அதிகம் தருகிறது, இரண்டாவது வழி இன்றைக்கு அதிகம் தருகிறது, நடுவழி இரண்டிலும் குறைவு. நடுவழி ஒரு ஆறுதல் பரிசு என்று 2017இல் பலர் கேலி செய்ததும் அதனால்தான்.

நான் வேறு கேள்வியைக் கேட்பேன். இதில் கையெழுத்திட்டால் நாளைக்கு எதில் கையெழுத்திட முடியாமல் போகும்?

முதல் வழியில் கையெழுத்திட்டால் சுங்க ஒன்றியத்தின் கதவு மூடும். இரண்டாவது வழியில் கையெழுத்திட்டால் ஐரோப்பாவுடன் வரிச்சலுகை ஒப்பந்தத்தின் கதவு மூடும், உள்ளே இருக்கும் வரை. நடுவழி புதிதாக எந்தக் கதவையும் மூடவில்லை. அதைவிட முக்கியம், கதவுக்கு இந்தப் பக்கம் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வைத்தது. முதல் வழியில் போயிருந்தால் மாற்ற வேண்டியிருந்த சட்டங்களில் கணிசமானவற்றை ஆர்மீனியா இந்த ஒப்பந்தத்தின் பெயரில் மாற்றத் தொடங்கியது. கொள்முதல் விதி ஒழுங்கானால் அதனால் மாஸ்கோவுக்குக் கோபம் வராது. நீதிபதி நியமனம் சீரானால் எரிவாயு விலை ஏறாது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. ரஷ்யா பாதுகாப்பு தரும் என்ற நம்பிக்கைதான் இரண்டாவது வழியின் அடித்தளம். 2020 இலையுதிர் காலப் போரில் அந்த அடித்தளம் ஆட்டம் கண்டது. 2023 செப்டம்பரில் கராபாக்கை அஜர்பைஜான் முழுதாகப் பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் மூட்டை முடிச்சோடு லாச்சின் சாலையில் ஊர்ந்து வெளியேறியபோது, அங்கே நிறுத்தப்பட்டிருந்த ரஷ்ய அமைதிப்படை பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியானால் 2013இல் கொடுத்த விலை வீண்தானே, முதல் வழியிலேயே துணிந்து போயிருக்கலாமே என்கிறார்கள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிப் போயிருந்தால் அந்த அடி 2020இல் விழாமல் முன்னாலேயே விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஐரோப்பாவிடம் ஆர்மீனியாவுக்குக் கொடுக்க எல்லைக் கண்காணிப்புக் குழுகூடக் கிடையாது. தற்காலிகக் குழு வந்ததே 2022 அக்டோபரில்தான், முறையான குழு 2023 பிப்ரவரியில். வாக்குறுதி பொய்த்ததற்காக, அதை நம்ப வேண்டிய நிலையில் இருந்தவரைக் குறை சொல்வது சுலபம். செர்ஜ் சர்க்சியான் மீது எனக்கு வேறு புகார் உண்டு. முடியாது என்று தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை மூன்று வருடம் பேசி, கடைசி நாளில் முறித்தது தவறு. நடுவழியை 2011லேயே கேட்டிருக்கலாம். கிடைத்திருக்காமல் போகலாம், கேட்டிருக்கலாம்.

இப்போது என்ன செய்யலாம்

2025 மார்ச்சில் ஆர்மீனிய நாடாளுமன்றம், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முயற்சியைத் தொடங்குவதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு ஒன்றியத்திலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று ரஷ்யா சொல்கிறது. ஐரோப்பாவும் மறுக்கவில்லை, சுங்க விதி அப்படி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று எவ்வளவு நாள் நிற்பது?

கொஞ்ச நாள் நிற்கலாம் என்பேன். ஆர்மீனியாவின் வெளி வர்த்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் ரஷ்யாவோடுதான். 2022 முதல் 2024 வரை அது குறையவில்லை, ஏறியது. தடைகளால் நேரே போக முடியாத சரக்குகள் யெரெவான் வழியாகப் போனதும் ஒரு காரணம், அது நிலைக்கும் வருமானம் அல்ல. யூரேசிய ஒன்றியத்திலிருந்து வெளியேற ஒரு வருட முன்னறிவிப்பு போதும், அது காகிதத்தில். எரிவாயுக் குழாய்க்கும் ரயில்பாதைக்கும் முன்னறிவிப்பு கொடுக்க முடியாது. அதனால் வரிசை முக்கியம். முதலில் செப்பாவில் மிச்சமிருக்கும் சட்ட வேலை. கூடவே 2024 செப்டம்பரில் தொடங்கிய விசா பேச்சை முடிப்பது. அதற்குச் சுங்க ஒன்றியம் தடையில்லை, சாதாரண மனிதருக்கு உடனே கண்ணில் தெரியும் லாபமும் அதுதான். சுங்க ஒன்றியத்தை விடுவது கடைசி.

ஜார்ஜியாவைப் பாருங்கள். முதல் வழியில் கையெழுத்து, வரிச்சலுகை, விசா விலக்கு, 2023 டிசம்பரில் வேட்பாளர் நாடு என்ற தகுதி, எல்லாம் கையில் இருந்தும் 2024 நவம்பரில் அதன் அரசே சேரும் பேச்சை 2028 கடைசி வரை ஒத்திவைப்பதாக அறிவித்துவிட்டது. ஆர்மீனியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் லாரி இன்று ஜார்ஜியா வழியாகத்தான் கருங்கடலைத் தொட முடியும் என்பதால், இது பக்கத்து வீட்டு விவகாரம் மட்டும் அல்ல.

இன்னொரு பாதை இருக்கிறது. அராக்ஸ் ஆற்றின் மேல் மார்கரா பாலம். அந்தப் பக்கம் துருக்கி. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தில் சிக்கியவர்களுக்கு உணவும் மருந்தும் ஏற்றிய ஆர்மீனிய லாரிகள் சில அதன் வழியாகப் போயின, 30 ஆண்டுகளில் முதல் முறையாக. துருக்கி 1996 முதல் ஐரோப்பாவுடன் தனிச் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. அந்தப் பாலத்தில் சரக்கு லாரிகள் அன்றாடம் ஓடத் தொடங்கினால், லார்ஸில் நிற்கத் தேவையில்லாத ஒரு ஜாம்காரர் யெரெவானில் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து முதல் வழியின் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பார்.